கை எடுத்தாச்சு

மார்ச் 3, செவ்வாய்

தையல்காரர் "கை பிடிக்குதாம்மா?" என்று கேட்டார். "இல்ல, சரியா இருக்கு" என்றாள் அக்கா. கை என்னுடையது. இறுக்கிப் பிடித்தது.

இது புதிதில்லை. மருந்துக்கடையில் தலைவலி எனக்கு, பதில் அக்காவுக்கு. உறவுக்காரர் வீட்டில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பார்கள், "அவளுக்குப் போதும்" என்பாள். கெட்ட எண்ணம் கிடையாது. என் குரல் எழும்பாது, நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் முகம் சுளித்துவிடும். அந்தச் சுளிப்பு என் மேல் விழாமல் அவள் நடுவில் வந்து நிற்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. தையல்காரரின் இஸ்திரிப் பெட்டி சுவிட்ச் கருகிக் கிடந்தது. அக்காவும் மாமாவும் வயரிங் வேலை செய்கிறவர்கள் ஆயிற்றே, அக்கா அங்கேயே புதிது மாற்றிக் கொடுத்தாள். கருகியதை என் கையில் போட்டாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன்.

உள்ளே இரண்டு பித்தளை நாக்கு. நுனியில் கடுகளவு வெள்ளிப் பொட்டு. அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு எறும்பளவு ஸ்பிரிங். பொட்டு முழுக்கக் குழி குழியாக, ஓரம் உருகி வழிந்து ஆறிப் போயிருந்தது. உலோகம் உருகியிருக்கிறது! அரிசி நுழையாத இடத்தில் யார் போய் உலை வைத்தது?

சாப்பிடும்போது அதை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் கேள்வி கேட்பது அப்படித்தான், மாமாவுக்குத் தெரியும். சுவிட்சை அணைத்தவுடன் மின்சாரம் நின்றுவிடுவதில்லையாம். நாக்குகள் பிரியும் அந்த மயிரிழை இடைவெளியில் தாவப் பார்க்குமாம். "அந்த நேரத்துல காத்தே கம்பியாயிடும்" என்றார். அதனால்தான் ஸ்பிரிங். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறதோ அவ்வளவு நல்லது. பாதி அழுத்தி விளையாடினால், தளர்ந்த சுவிட்சில் பெரிய சாமானை ஓட்டினால், தாவல் நீளும், பொட்டு உருகும்.

காத்தே கம்பியாயிடும். சாப்பிட்டு முடித்தும் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

ஜன்னலை மூடி ஃபேனை அணைத்துப் பார்த்தேன். சுவிட்சின் இடுக்கில் தெரிந்தது. நீலம். கண் சிமிட்டினால் தவறிவிடும். இன்னொரு தடவை பார்க்க ஆசை. வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பொட்டு தேயும்.

மார்ச் 9, திங்கள்

ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டு முழுக்கப் புது வயரிங் வேலை வந்திருக்கிறது. "கூட வர்றியா?" என்று மாமா கேட்டது என்னை. "வருவா" என்றது அக்கா. இந்த ஒரு தடவை அவள் பதிலும் என் பதிலும் ஒன்றாக இருந்தன.

எங்களோடு ஏணி அண்ணனும் வருகிறார். உயரத்துக்கு வைத்த பெயர். அவர் வீட்டில் பல்ப் மாற்ற நாற்காலி தேவையில்லை என்று மாமா சொல்வார். பேச்சும் அவர் உயரத்துக்கு நீளும்.

மெயின் பெட்டி முன்னறையில். வேலை பின்னறையில். நடுவில் அடுப்புச் சுவர், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் மாமாவுக்கு ஒரு முறை இருக்கிறது. மின்சாரம் போடும் முன் "போடவா?" என்று கத்துவார். பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் தன் வாயால் "கை எடுத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். எத்தனை ஆளோ அத்தனை குரல். ஒன்று குறைந்தாலும் போட மாட்டார்.

இன்று அக்கா சொன்னாள். ஏணி அண்ணன் சொன்னார். நானும் சொன்னேன். "இன்னொண்ணு எங்க?" என்று மாமா மறுபடி கத்தினார். மறுபடி சொன்னேன். கடைசியில் அவரே நடந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"மாமாவுக்கு நல்ல நடைப்பயிற்சி" என்றார் ஏணி அண்ணன். "கொசு கூடக் காதுக்குப் பக்கத்துல வந்து சொல்லும். இன்னையிலருந்து உன் பேரு மைக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. குரல் வராத ஆளை வயர் பக்கம் எப்படி விடுவது என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "பழகிடுவா" என்றாள் அக்கா.

பழகுமா? எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். சத்தமா, சத்தமா என்றார்கள். நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. இதுவும் அப்படிப் போய்விடக் கூடாது. இந்த வேலை எனக்கு வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது?

மாவு பிசையும் மெஷின் இன்னும் பழைய வயரிங்கில்தான் ஓடுகிறது. தெருத்தூசி வராமலிருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள், அறை அரை இருட்டு. முதலாளியம்மா வந்து மெஷினை நிறுத்தினார். சுவிட்சைத் தொடவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் நீல வெள்ளையாக ஒன்று நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். பாய்ந்ததும் இல்லை, விழுந்ததும் இல்லை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல். 'டப்' என்று ஒரு சத்தம். சுவரில் எங்கள் எல்லாருடைய நிழலும் ஒரு கணம் கத்தரித்து வைத்தது போல விழுந்து மறைந்தது. பிறகு மழைக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை.

"சுவிட்ச் சூடாவுது, அதனால இப்படித்தான் நிறுத்துவேன். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல" என்றார் முதலாளியம்மா.

மாமா மெஷினின் சுவிட்சைத் திறந்து காட்டினார். ஒரு விளக்குக்குப் போடும் சுவிட்ச். அதில் போய் மோட்டாரை மாட்டியிருக்கிறார்கள். குருவி தலையில் பனங்காய். அதுவும் போதாதென்று உள்ளே மாவு புகுந்து பழுப்பாகக் கருகியிருந்தது. அக்கா அந்த மாவை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மூட்டைக்குள்ள இருக்குறவரைக்கும்தாம்மா இது மாவு. காத்துல பறக்க ஆரம்பிச்சா வெடிமருந்து. ஒரு பொறி போதும்."

முதலாளியம்மா தன் வெள்ளைக் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை மாவு. "இதை வச்சுக்கிட்டா நான் தினமும் பிளக்கைப் புடுங்குறேன்" என்று சொல்லி, மெதுவாக முந்தானையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவரே ஈரத்துணி எடுத்துவந்து பின்னறை முழுக்கத் துடைக்க ஆரம்பித்தார். வேலை முடியும்வரை தினமும் துடைக்க வேண்டும், மாவு பறக்கும்போது யாரும் மின்சாரம் போடக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா இன்னொன்று சொன்னார். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வருகிறதாம். ஒரு விநாடிக்குள் நூறு தடவை ஒன்றுமில்லாமல் போய்த் திரும்ப வருகிறதாம். அந்த ஒன்றுமில்லாத கணத்தில்தான் பொறி சாகும். இடைவெளி போதுமான அளவு இருந்தால் மறுபடி உயிர் வராது.

பாதி வழி நான் விளக்குக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன. நூறு தடவை!

மார்ச் 14, சனி

வயர் நுனி சீவும் வேலை எனக்கு. தோலை உரிக்கும்போது உள்ளே ஒரு இழை கூட அறுபடக் கூடாது. செம்பு, ஸ்க்ரூவுக்குள் முழுக்கப் போக வேண்டும், வெளியே மினுக்கக் கூடாது. இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் மறுபடி.

"லூசான ஸ்க்ரூங்கிறது யாரும் போடாத ஒரு சுவிட்ச்" என்றாள் அக்கா. "அதுவா போட்டுக்கும், அதுவா அணைச்சுக்கும். சுவருக்குள்ள உக்காந்து எரியும்."

ஒரு பெட்டியில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. கரன்ட் இல்லை என்று தலையாட்டினேன். ஏணி அண்ணன் என் கையிலிருந்து அதை வாங்கி, கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்தார். அங்கேயும் எரியவில்லை. டெஸ்டரே செத்துப்போனது. "இதுவும் உன்னை மாதிரிதான் மைக்கு. பேசலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் கிடையாது" என்றார். முதலில் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார், பிறகு இங்கே வை, மறுபடி அங்கே வை.

சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு ஏனோ பிடித்திருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

கை இருக்கிறது. அதை முதலில் எழுதிக்கொள்கிறேன். கை இருக்கு.

மெஷினுக்குப் புதுப் பெட்டி மாட்டினோம். தகரப் பெட்டி. வயர் முடுக்கியது நான். எல்லாம் இழுத்துப் பார்த்து மூடிவிட்டேன். அக்கா மூடியதைப் பார்த்துவிட்டு, மாவு மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் போனாள். மூடிய பிறகு எனக்கு ஒரு சந்தேகம். கடைசி வயரை இழுத்தேனா? மறுபடி திறந்தேன். இழுத்தேன். வந்தது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன்.

அப்போது முன்னறையிலிருந்து "போடவா?"

"இருங்க" என்றேன். சத்தியமா சொன்னேன். எனக்கே கேட்டுச்சு.

ஏணி அண்ணன் கை எடுத்தாச்சு என்றார். அக்கா கை எடுத்தாச்சு என்றாள். பிறகு... பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில் நான் மறுபடி வாயைத் திறந்தேன். திறந்துகிட்டுதான் இருந்தேன்.

"அவளும் எடுத்தாச்சு. போடுங்க" என்றாள் அக்கா.

மாலை.

டீ குடித்தேன். இப்போது எழுத முடிகிறது.

ஸ்க்ரூடிரைவரின் கம்பி ஸ்க்ரூவையும் தகரத்தையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்தது. வந்தது என்பதைவிட, அதைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. அறை இல்லை, சுவர் இல்லை, என் விரல்களின் ஓரம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. சத்தம் பிறகுதான். முன்னறையில் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பிரேக்கர் உடனே விழுந்துவிட்டது. இமைக்கும் நேரம்கூட இல்லை என்று மாமா சொன்னார். பிடி பிளாஸ்டிக், அதனால் மின்சாரம் என் மேல் ஏறவில்லை. நடுவிரலின் பின்புறம் ஒரு கொப்புளம். புருவத்தில் கொஞ்சம் பொசுங்கல். ஸ்க்ரூடிரைவரின் நுனி காணோம். உருகிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சொட்டாக ஒட்டியிருக்கிறது. அறையை ஈரத்துணியால் துடைக்காமல் இருந்திருந்தால்? காற்றில் மாவு இருந்திருந்தால்? யாரும் அதைப் பேசவில்லை.

ரொம்ப நேரம் எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஊதா நிறத்தில் ஒரு கோடு நின்றது. அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அவள் முகத்தின் நடுவிலும் அந்தக் கோடு.

அது அழகாக இருந்தது என்று எழுதக் கூடாது. இருந்தது.

மார்ச் 18, புதன்

அக்கா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று இரண்டு முறை. மாமா அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என்னை இனி வேலைக்குக் கூட்டிப்போவதில்லை என்று முடிவு. முதலாளியம்மா கடையின் முன்பக்கம் ரொட்டிப் பொட்டலம் கட்ட ஆள் தேடுகிறாராம். நிழல், உட்கார்ந்த வேலை, வயர் கிடையாது. அக்கா பேசிவிட்டு வந்தாள்.

"அவளுக்குச் சம்மதம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

சொல்லிட்டியா. அதையும் நீயே சொல்லிட்டியா? நேத்துதானே... ஒரு நாள் கூட ஆகலையே அக்கா. எனக்கு என்ன வேணும்னு என்கிட்ட ஒரு தடவை — ஒரே ஒரு தடவை — கேட்டுட்டு, நான் வாயைத் திறக்கிற வரைக்கும் நிக்க முடியாதா உன்னால?

இதெல்லாம் இங்கேதான் எழுதுகிறேன். அங்கே தலையாட்டினேன்.

மார்ச் 20, வெள்ளி

அவர்கள் வேலைக்குப் போன பிறகு சாமான் பெட்டியைக் குடைந்தேன். பழுதான பழைய பிரேக்கர் ஒன்று கிடைத்தது. ஆணியைத் தட்டி எடுத்துப் பிரித்தேன்.

உள்ளே ஒரு பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகடுகள், சீப்பின் பற்கள் மாதிரி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் புரியவில்லை. தகடுகளின் விளிம்பெல்லாம் கருமை. அப்போதுதான் புரிந்தது. பொறி இங்கே வருகிறது. வரவழைக்கிறார்கள். நாக்குகள் பிரியும்போது எழும் பொறியை இந்தத் தகடுகளுக்கு நடுவில் தள்ளித் துண்டு துண்டாக்கி ஆற வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என் கண் முன்னால் எரிந்த அதே மின்சாரம் முன்னறையில் இது மாதிரி ஒரு சின்னப் பெட்டிக்குள்ளும் பொறியாகி, சீப்பில் மாட்டிச் செத்திருக்கிறது.

பொறியே வராமல் செய்ய முடியாது போல. அது வரும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு இடம் கட்டியிருக்கிறார்கள்.

யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். யாரென்றே தெரியாத என் கைக்காக. நெடுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யோசித்தேன். என் குரலும் அப்படித்தான். பெரிசாக வரப்போவதில்லை. இருக்கிற குரலுக்கு ஒரு இடம் கட்ட வேண்டும்.

மார்ச் 21, சனி

மெயின் பெட்டியின் கைப்பிடியில் ஒரு ஓட்டை உண்டு. ரொட்டிக்கடையில் முதல் நாளே பார்த்தேன். மின்சாரத்தை அணைக்கக் கைப்பிடியைக் கீழே இறக்கினால் அந்த ஓட்டையும் பெட்டியின் ஓட்டையும் நேருக்கு நேர் வரும். எதற்கென்று அன்று தெரியவில்லை.

என் புத்தகப் பெட்டியில் ஒரு சின்னப் பூட்டு. எட்டாம் வகுப்புப் புத்தகங்களை இனி யார் திருடப்போகிறார்கள்? கழற்றினேன். காலையில் மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாமா பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரியவில்லை.

"அவ என்ன சொல்றான்னா..." என்று அக்கா ஆரம்பித்தாள். ஆரம்பித்து, சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல நிறுத்தினாள். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. இவ்வளவு பெரிய அமைதி எனக்காக யாரும் இதுவரை வைத்ததில்லை. அதைப் பார்த்துத்தான் முதலில் பயமாக இருந்தது.

"மெயினை இறக்கிட்டு என் பூட்டைப் போடுறேன்" என்றேன். "சாவி என்கிட்ட இருக்கும். நான் வந்து திறந்தாத்தான் போட முடியும். என் பதிலை வேற யாரும் சொல்ல முடியாது."

மாமா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பூட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல வைத்திருந்தார். அந்த ஓட்டை பூட்டுக்குத்தான் வைத்தது, தெரியும், நாலு பேருக்குள்ள எதுக்குன்னு விட்டுட்டேன், என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "உன் டிரங்குப் பெட்டிப் பூட்டு எங்க?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து போனாள். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டோடு வந்தாள்.

மார்ச் 23, திங்கள்

ஏணி அண்ணன் தன் சைக்கிள் பூட்டைக் கொண்டுவந்தார். ஓட்டையில் நுழையவில்லை. "மைக்கு போட்ட சட்டத்துல எனக்கு இடமில்ல" என்று புலம்பிக்கொண்டே போய்ச் சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். மூன்று பூட்டு தொங்கிற்று. என்னுடையதுதான் இருப்பதிலேயே சின்னது.

மோட்டாருக்கென்றே உள்ள சுவிட்ச் மாட்டினோம். ஒரே தட்டில் இரண்டு வயரையும் துண்டிப்பது, தூசி புகாமல் மூடிக்கு ரப்பர் விளிம்பு. நான் ஒவ்வொரு வயரையும் இழுத்தேன். மூடினேன். திறந்தேன். மறுபடி இழுத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"போடவா?"

அக்கா சொன்னாள், ஏணி அண்ணன் சொன்னார், இரண்டு பேரும் போய் அவரவர் பூட்டைத் திறந்துவிட்டு வந்தார்கள். பிறகு அமைதி. நான் மூட்டைகளைத் தாண்டி, அடுப்புச் சுவரைச் சுற்றி நடந்து போனேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பூட்டைத் திறந்தேன்.

"கை எடுத்தாச்சு" என்றேன். பக்கத்தில் நின்றதால் அவருக்கு நன்றாகக் கேட்டது.

"நீயே போடு" என்றார்.

பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியை ஏற்றினேன். எதுவும் வெடிக்கவில்லை. பின்னறைக்கு வந்தோம். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், சைகையில்தான். முதலாளியம்மா சுவிட்சைத் தட்டினார், மெஷின் சுற்றியது. தட்டி அணைத்தார். 'டக்'. இருட்டு இருட்டாகவே இருந்தது. ஒரு துளி நீலம் கூட வெளியே வரவில்லை. உள்ளே வந்திருக்கும். வந்து, தன் இடத்தில் நின்று, செத்திருக்கும். நான் மட்டும் அதைப் பார்த்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"என்னைக்கு வந்து சேர்றே பொட்டலம் கட்ட?" என்று முதலாளியம்மா கேட்டார்.

அக்கா சட்டென்று ரொட்டித் தட்டுகளை எண்ணுகிறவள் போலத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் இறுகியிருந்தது. எவ்வளவு கஷ்டம் அவளுக்கு, பாவம்.

"வரலம்மா" என்றேன்.

"என்ன?"

"வரலம்மா. எனக்கு இந்த வேலை இருக்கு."

ஏப்ரல் 7, செவ்வாய்

வேலைக்குப் போட்டுக்கொள்ளப் பருத்தியில் ஒரு முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தோம். தையல்காரர் அளவெடுத்தார். "கை பிடிக்காம விடட்டுமா? பை வைக்கட்டுமா?" என்று டேப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பதில் வரவில்லை. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தரியைக் கீழே வைத்தார். மூலையில் அந்த இஸ்திரிப் பெட்டி, பக்கத்தில் அக்கா மாற்றிக் கொடுத்த சுவிட்ச்.

"இடது பக்கம் ஒரு பை" என்றேன். "பட்டன் வச்சு. சாவிக்கு."